பெற்றோர் கூட்டத்தில் பக்கத்து நாற்காலி

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் டிரைவரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக ஸ்டியரிங் பிடித்தவள். முதல் வருஷம் அவள் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் டீ கிளாஸோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தவர்கள், இப்போது குறுகலான வளைவில் வண்டி மாட்டிக்கொண்டால் அவளைத்தான் தேடுவார்கள். எந்தக் கொம்பனுக்கும் பயப்படாதவள் என்று பேர். அப்படிப்பட்டவள் தன் வீட்டில், ஒரு மூடிய கதவுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் மகள். ஏழாம் வகுப்பு. போன வருஷம் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது எதைக் கேட்டாலும் "ம்" என்கிறது, அதற்கு மேல் கேட்டால் "ஒண்ணுமில்ல." அம்மா உள்ளே நுழைந்தால் போன் குப்புறக் கவிழ்ந்துவிடும். கணவர் எலக்ட்ரீஷியன், வெளியூர்க் கட்டடங்களில் மாதக்கணக்கில் தங்கி வேலை. அவரிடம் சொன்னால், வயசு அப்படி, விடு என்பார். அவளால்தான் விட முடியவில்லை. யாரோ பிள்ளையை என்னவோ செய்கிறார்கள் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் முகத்தைப் பார்த்து விசாரித்தவர் ஒரு டிக்கெட் பரிசோதகர். மகள் படிக்கும் பள்ளியிலேயே சனிக்கிழமை காலைகளில் ஒரு கூட்டம் நடக்கிறது, ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கென்றே. தன் மகன் விஷயத்தில் தனக்குக் கைகொடுத்தது அதுதான் என்றார். பிள்ளை வளர்க்கக்கூட வகுப்பா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மகள் சாப்பிடாமல் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதற்கு மறுநாள், மதிய ஷிஃப்டுக்கான காக்கிச் சட்டையோடு பள்ளிக்குப் போய்விட்டாள்.

நூலகத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எல்லாம் சிறுபிள்ளை நாற்காலிகள்; உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும். பள்ளியின் ஆலோசகர் பேசினார். சின்ன உருவம், அவசரமே இல்லாத குரல். இந்த வயதில் அம்மா அப்பாவைவிடக் கூட்டாளிகள்தான் உலகம், அந்த உலகத்திலிருந்து தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில் பிள்ளைகள் எதையும் செய்வார்கள் என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். தன் மகளைத்தான் யாரோ தள்ளிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டாள்.

அப்போது பக்கத்து நாற்காலிக்காரர் தொண்டையைச் செருமினார். பேக்கரி வைத்திருப்பவர். முழங்கையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. தன் மகளும் ஏழாவதுதான், இடைவேளையில் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாளாம், இந்த வாரம் பள்ளிக்கே வரவில்லை என்றார். வகுப்புப் பிள்ளைகள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் இவளைத் தவிர எல்லோரும் உண்டு.

"என் கடை வாசனை அவ துணியில அடிக்குதாம். புளிச்சமாவுன்னு பேர் வெச்சிருக்காங்க. நேத்து, 'நான் இல்லாமப் போயிட்டா உங்களுக்கும் நிம்மதிதானேப்பா'ன்னு கேக்குறா."



அந்தப் பேரை டிரைவரக்கா ஏற்கெனவே கேட்டிருந்தாள். அடுப்படியில் நின்று மகள் போனில் சொல்லிச் சிரித்த பேர். வெகுநாளைக்குப் பிறகு பிள்ளை சிரிக்கிறதே என்ற சந்தோஷத்தில், என்ன ஏது என்று கேட்காமல் கூடச் சேர்ந்து தானும் சிரித்திருந்தாள்.

ஆலோசகர் உடனே எழுந்தார். கூட்டத்தை நூலகரிடம் விட்டுவிட்டு, பேக்கரிக்காரரை வெளியே அழைத்துப் போனார். பிள்ளை இப்போது யாரோடு இருக்கிறாள் என்று கேட்டதும், இந்த மாதிரிப் பேச்சுக்கு எந்த நேரமும் கூப்பிடக்கூடிய உதவி எண்ணை அவர் போனில் ஏற்றிக் கொடுத்ததும், இன்றைக்கே டாக்டரைப் பார்க்கலாம், நானும் வருகிறேன் என்றதும் கதவு வழியாகக் கேட்டன. அவள் எழுந்து போய், அந்தப் பேரைத் தன் மகளும் சொல்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. அந்தச் சின்ன நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு வண்டியில் உடம்பு இருந்தது, மனசு இல்லை. சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போய்க் கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தாள். நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். யாருக்கும் அடியில்லை. ஒரு பெரியவர் மட்டும், "வீட்டுக் கவலையை வீட்டுலயே விட்டுட்டு வரக்கூடாதாம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செய்யக்கூடாததைத்தான் முதலில் செய்தாள். போனைப் பிடுங்கினாள், கத்தினாள். மகள் கல்லாக நின்றாள். கத்திக் கத்தித் தொண்டை வற்றிய பிறகு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேக்கரிக்காரர் மகள் தன் அப்பாவிடம் கேட்டதை அப்படியே சொன்னாள். மகளின் முகம் வெளிறியது.

"அந்தப் பேரை எல்லாரும்தாம்மா சொல்றாங்க."

"ஆரம்பிச்சது யாரு?"



"முதல்ல என்னைத்தான் பஸ்காரி பொண்ணுன்னு கிண்டல் பண்ணாங்க. ஸ்கூல் தொறந்தப்ப ஃபீஸ் கட்ட நீ காக்கி போட்டுட்டு வந்தியே, அதுலேருந்து. நான் அவளுக்குப் பேர் வெச்சு, அவ இல்லாம ஒரு குரூப் ஆரம்பிச்சதும் என்னை விட்டுட்டாங்க."

அறையலாமா அணைக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் ஆலோசகருக்குப் போன் போட்டாள். பேக்கரிக்காரர் மகள் டாக்டரைப் பார்த்துவிட்டாள், பத்திரமாக இருக்கிறாள் என்று முதலில் தெரிந்தது. பிறகுதான் மூச்சு வந்தது. மகளை இப்போதே இழுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்கவைக்கிறேன் என்றாள். வேண்டாம் என்றார் ஆலோசகர். அந்தப் பிள்ளைக்கு இவள் முகத்தைப் பார்க்க விருப்பமா என்பதே தெரியாது; அதை அவள்தான் சொல்ல வேண்டும். குழுவில் இருப்பது எதையும் அழிக்காதீர்கள், திங்கட்கிழமை மகளோடு வாருங்கள் என்றார். கடைசியில், பேக்கரிக்காரரிடம் இதை யார் சொல்வது என்று கேட்டார்.

"நானே சொல்றேன்."

திங்கட்கிழமை ஆலோசகர் அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் பேக்கரிக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். வண்டியில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கும்போதுகூட அவளுக்கு அப்படி நெஞ்சு அடித்ததில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னாள்: பேர் வைத்தது என் மகள், குழுவைத் தொடங்கியதும் அவள்தான்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கு என் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமாங்க. அப்பவே தெரிஞ்சுடுச்சு. வாய் வரல."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் எழுந்து, ஆலோசகரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

குழுவில் இருந்ததையெல்லாம் காட்டிய பிறகு, மகள் அதை வகுப்பாசிரியர் முன்னாலேயே கலைத்தாள். தான் தொடங்கியது என்று வகுப்பில் எழுந்து சொன்னாள். கூட்டாளிகள் மறுநாளே அவளை ஒதுக்கினார்கள்; பஸ்காரி பொண்ணு என்ற பேர் திரும்பி வந்தது. அதையும் ஆசிரியர் விடாமல் கவனித்தார். பேக்கரிக்காரர் மகள், யார் மன்னிப்பும் வேண்டாம், வேறு பிரிவுக்கு மாற்றினால் போதும் என்று கேட்டு, மாறி, மெல்ல மெல்லப் பள்ளிக்கு வரத் தொடங்கினாள். இரண்டு பிள்ளைகளும் சிநேகிதிகளாகவில்லை. எதிரெதிரே நடந்தால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், இன்னொருத்தி தரையைப் பார்ப்பாள்.

டிரைவரக்கா ஷிஃப்டை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு சனிக்கிழமைகளில் கூட்டத்துக்குப் போகிறாள். பேக்கரிக்காரரும் வருகிறார். பக்கத்தில் உட்காருவதில்லை, வாசலில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே, தங்கள் பிள்ளையை யாரோ என்னவோ செய்கிறார்கள் என்றுதான் தொடங்குவார்கள். அவர்கள் சொல்லி முடித்ததும் அவள் தன் கதையைச் சொல்வாள். சிலர் அவளைவிட்டு நாற்காலியை நகர்த்திக்கொள்வார்கள். போன வாரம் ஒரு தகப்பன் மட்டும், கூட்டம் முடிந்து வெளியே போகாமல் நின்று, தன் மகன் போனில் தான் பார்த்த ஒன்றைப் பற்றி யாரிடம் பேசலாம் என்று மெதுவாகக் கேட்டார். அவரை ஆலோசகர் அறை வரைக்கும் அவளே கூட்டிக்கொண்டு போனாள்.