மாடிச் சாவி

கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. கணவருக்குப் பெயிண்டுக் கடை. வீடு ரத வீதிக்குப் பின்னால், சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வரிசையில் நடுவீடு. நான் படித்த இயற்பியல் மகளின் வீட்டுப்பாடத்துக்கு உதவுகிறது. தனியாக நிற்க எனக்கிருந்த ஒரே இடம் மொட்டைமாடி.

ஒரு சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது கரண்ட் போனது. பஸ் ஸ்டாண்டின் உயரமான விளக்கும் அணைந்தது. தலைக்கு மேல் அத்தனை நட்சத்திரங்கள். மடித்த துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அதன்பிறகு தினமும் ஏழரை மணிக்கு மேலே போனேன். தண்ணீர்த் தொட்டியின் மேல் செல்போனை வைத்து, ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை முட்டுக்கொடுப்பேன். பத்துப் பத்து வினாடியாக நாற்பது படங்கள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க ஓர் ஆப் இருக்கிறது. தெருவிளக்கு வெளிச்சத்தில் சாம்பலாகக் கிடக்கும் வானம் அதில் கறுத்து, கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்கள் எழும்பி வரும்.

மூன்று மாதம் இப்படிப் போனது. பிறகு பின்வீட்டு அண்ணாச்சி வந்தார். கூடத்தில் நின்றபடியே கணவரிடம் சொன்னார்.

"தம்பி, உங்க வீட்டுல தெனமும் மாடியில நின்னு எங்க ஜன்னலைப் படம் எடுக்காவ. இது நல்லாவா இருக்கு?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. நீங்களே பாருங்கள் என்று போனைக் கொடுத்தேன். அவர் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. கிழக்கே ஓரியன் நட்சத்திரக் கூட்டம் எழுவதைப் பிடிக்கப் போனைத் தாழ்த்தி வைத்திருந்த அன்று எடுத்தது. கீழ் மூலையில் அவர் வீட்டு மாடி ஜன்னல். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவிழ்ந்த கூந்தலோடு, முகத்தை மேலே தூக்கியபடி அவர் மனைவி.

"பாத்தியளா?" என்றார்.

அந்த ஜன்னலை நான் கவனித்ததே இல்லை.

"ஏட்டி, அடுத்தவன் வீட்டு ஜன்னல்ல ஒனக்கு என்ன சோலி?" என்றார் மாமியார்.

"அத்தை, நான் நட்சத்திரத்தத்தான்..."

"நட்சத்திரம் எங்கயும் ஓடியா போவுது? எல்லாத்தையும் அழி."

எல்லோருக்கும் முன்னால் அழித்தேன். அழித்தவை போனில் முப்பது நாள் தனியாக இருக்கும் என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நினைத்துத்தான் அழாமல் நின்றேன். மறுநாள் காலை பால் காயும்போது ஒவ்வொன்றாக மீட்டேன். அந்த ஒரு படத்தை மட்டும் அங்கிருந்தும் அழித்தேன். கேட்காமல் எடுத்த முகத்தை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

மாடிச் சாவி அத்தையின் இடுப்புக்குப் போனது. துணி காயப்போட வேலைக்கார அக்காவுக்குத் திறந்துவிட்டு, அவள் இறங்கியதும் பூட்டிவிடுவார். கணவரிடம் சொன்னேன்.

"ரெண்டு மாசம் போவட்டும், நானே அம்மாட்ட சொல்லுதேன்" என்றார்.

முழுச் சந்திர கிரகணம் வந்தது. ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"கிரகணத்தன்னைக்கு எந்தப் பொம்பளையாவது மாடிக்குப் போவாளா?" என்றார் அத்தை.

என் தலைக்கு நேர்மேலே சிவந்த நிலாவைக் கூடத்து டிவியில் பார்த்தேன். வேறு ஏதோ ஊரிலிருந்து காட்டினார்கள்.

வீட்டின் நடுவில் வெளிச்சத்துக்காக விட்ட சதுரம் ஒன்று உண்டு. திருடனுக்குப் பயந்து மேலே கம்பி போட்டிருக்கிறார்கள். இப்போது போனை அங்கே தரையில் மல்லாக்க வைக்கிறேன். தை மாதத்தில் ஓரியன் அந்தச் சதுரத்தைக் கடக்க ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. படங்களிலெல்லாம் கம்பிகள் மங்கலான கறுப்புப் பட்டைகளாக விழுகின்றன.

ஒரு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. போன வாரம் கீரை வண்டி அருகே பின்வீட்டு மதினி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தப் படம் இருக்கா?" என்றாள், கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டே.

"எந்தப் படம் மதினி?"

"நான் நிக்கிற படம்."

"அழிச்சிட்டேன்."

"எனக்கு அனுப்பிட்டு அழிச்சிருக்கலாம்."

"நீங்க அன்னைக்கு எதைப் பாத்தீங்க?"

"நீ மேலயே பாத்துக்கிட்டு நின்ன. அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பாத்தேன். ரெண்டு மாசமா பாத்தேன். இப்ப ஜன்னல்ல தகரம் அடிச்சாச்சு."

அவள் போய்விட்டாள். அன்று சாயங்காலம் அத்தையிடம் சாவி கேட்டேன்.

"எதுக்கு?"

"வானம் பாக்க."

தரவில்லை. மறுநாளும் கேட்டேன்.