ஒன்பது அங்குல ஆகாயம்

இஞ்ச் டேப்பின் ஒரு முனையை நம்மூர் விமான நிலையத்தின் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மகள் ஊர் விமான நிலையம் வரைக்கும் விறைப்பாக இழுத்துப் பிடிக்கிறார் டெய்லர். கடைச் சுவரில் உலகப் படம். இது எத்தனையாவது தடவை என்று கேட்டால் கோபம் வரும். "ஒம்போது இஞ்ச். இஞ்சுக்கு ரெண்டு மணி நேரம். பதினெட்டுக்கு ஒரு நிமிஷம் கொறையாது."

மனைவியின் டிக்கெட்டில் பதினைந்து என்றுதானே போட்டிருக்கிறது? சிரிப்பார். "வியாபாரத்துக்குக் கொறச்சுத்தான் சொல்லுவான். நாளைக்குத் தரேன்னு சொல்லாம நான் என்னைக்காவது துணி வாங்கியிருக்கேனா?"

விமானத்தில் ஏறியதே கிடையாது. ஆனாலும் இறக்கை ஆடினால் என்ன செய்ய வேண்டும், விமானி எப்போது தூங்குவான் என்பதெல்லாம் அத்துப்படி. கடையில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் அம்மா அவருக்குக் 'கேப்டன்' என்று பட்டம் சூட்டியிருக்கிறாள். அவரும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு பெருந்தன்மையாகத் தலையசைப்பார்.

மகளுக்கு இது தலைப்பிரசவம். இரண்டு பேரும் வந்தே ஆகவேண்டும் என்று மாதக்கணக்காகக் கெஞ்சினாள். விசாவும் இருவருக்கும் வந்தாயிற்று. கேப்டனோ டேப்பைக் காட்டி, "பதினெட்டு மணி நேரம் உக்காந்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்று மனைவியை மட்டும் அனுப்பிவிட்டார். பொழுது விடிந்து பொழுது போனால் தையல் மெஷின் முன்னால் உட்காரும் இடுப்பு அது! உண்மையில் மனுஷனுக்குப் பயம். அதை ஒத்துக்கொள்வதைவிட உலகத்தை நீட்டிவிடுவது சுலபம்.

கணக்குப்படி இன்னும் ஓர் அங்குல ஆகாயம் பாக்கி இருக்கும்போது மனைவியிடமிருந்து போன் வந்தது.

"வந்து சேந்துட்டேங்க."

"அதெப்படி? நீ இப்ப கடல் மேலல்ல இருக்கணும்!"

"பெட்டியும் வந்தாச்சு, மகளும் வந்தாச்சு. இதுல கடல் எங்க வந்துச்சு?"

"நல்லாப் பாத்தியா? வேற ஊர்ல எறக்கி விட்டுட்டானோ என்னமோ."

"அப்ப என் எதிர்ல வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறது பக்கத்து வீட்டுக்காரியா?"

போனை மகள் பிடுங்கினாள். ஸ்பீக்கரில் அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது. "உலகம் உருண்டைப்பா. தட்டையா விரிச்சதுல தூரம் இழுபட்டுப் போச்சு. பிளேன் வடக்கால வளைஞ்சு சுருக்கா வந்துடும்."

"வளைஞ்சு போனா சுருக்கா?" என்று கேப்டன் பொங்கினார். காஜா அம்மா தலை நிமிரவில்லை. "தொந்திக்காரர் வந்தா ஒடம்பச் சுத்தித்தானே அளக்குறீங்க? மேசை மேல படுக்கவெச்சா அளக்குறீங்க?" என்றாள். கேப்டன் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். தொழிலில் கை வைத்துவிட்டாளே பாவி!

"அப்பா..." மகளின் குரல் சட்டென்று இறங்கியது. "எனக்கு ரொம்பப் பயமா இருக்குப்பா. நீங்க வெளியில உக்காந்திருந்தாக்கூடப் போதும்."

வழக்கமாக இந்த இடத்தில்தான் இடுப்பு வலி கிளம்பும். கிளம்பவில்லை. "எனக்கும்தாம்மா," என்பது வாயிலிருந்து நழுவிவிட்டது. காஜா அம்மாவின் ஊசி அப்படியே நின்றது.

போனை வைத்தவர் உலகப் படத்தின் பக்கமே திரும்பவில்லை. டேப்பைத் தன் மார்பைச் சுற்றி இழுத்து, மூச்சை விட்டு, எண்ணைப் பார்த்தார். பிறகு அதைக் காஜா அம்மாவிடம் நீட்டிவிட்டு முதுகைக் காட்டி நின்றார்.

"தோள் அளவு எடும்மா. கோட்டு தைக்கணும். அங்க குளிருமாம்."