சீர்த்தட்டில் வராத சைக்கிள்

என் மகளுக்கு அடுத்த மாதம் பத்து வயது முடிகிறது. பிறந்தநாளுக்கு அப்பா அம்மாவிடம் என்ன கேட்கலாம் என்று என்னிடமே யோசனை கேட்கிறாள். நானும் ஒரு காலத்தில் இப்படி யோசனை கேட்டு நடந்தவள்தான்.

அப்போது ஈயச் சுரங்க ஊரான லகாட்டில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. லோரி ஓட்டுநரான அப்பா பேச்சில் சிக்கனம், ஆனால் சொன்ன சொல் மாறமாட்டார். "தீபாவளிக்கு என்ன வேணுமோ கேளு. ஒண்ணுதான். கேட்டப்புறம் மாத்தக்கூடாது" என்றார். ஹேண்ட்போன்தான் கேட்பது என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். வகுப்பில் மூன்று பேர் அதை வைத்துக்கொண்டு செய்த அலட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

அம்மாதான் குறுக்கே வந்தாள். சமையலறைக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஹேண்ட்போன் இப்ப வேணாம்லா. உனக்குச் சடங்கு வைக்கும்போது மாமா தட்டுல வச்சுக் கொண்டாருவாரு. நீ சைக்கிள் கேளு" என்றாள்.

பெண் பெரியவளானால் தாய்மாமன் சீர்வரிசையோடு வருவது வழக்கம். அத்தை மகளுக்கு வந்த பதினொரு தட்டுகளில், ஆப்பிளுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே ஒரு ஃபோன் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆக, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அம்மாவுக்கு இவ்வளவு சாமர்த்தியமா என்று வியந்துகொண்டே சைக்கிளைக் கேட்டேன்.

பக்கத்து வீட்டு அத்தை, அப்பாவின் அக்கா, விடவில்லை. "நாளைக்கே பெரிய மனுஷி ஆகப்போற பிள்ளைக்கு சைக்கிள் எதுக்கு? தோடு வாங்கிக் குடு தம்பி."

அப்பா தலையைச் சொறிந்தார். அக்கா பேச்சைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை. இந்த மாதிரிச் சமயங்களில் தேத்தண்ணி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடும் அம்மா, அன்று போகவில்லை. "கேட்டப்புறம் மாத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். தீபாவளிக்குச் சிவப்புச் சைக்கிள் வந்து நின்றது.

எட்டு மாதம் ஓட்டினேன். ஈயம் தோண்டிய பழைய குட்டையைச் சுற்றிக்கொண்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, வாயில் காற்று புகக் கத்திக்கொண்டு. எல்லாவற்றிலும் கறாரான அம்மா இதில் மட்டும் விநோதமாக இருந்தாள். இருட்டுகிறதே என்று நானே திரும்பி வந்தால், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, "இன்னொரு ரவுண்டு போய்ட்டு வா" என்பாள். வீட்டுப்பாடத்தை மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நானும் நழுவிவிடுவேன்.

ஜூன் விடுமுறையில் நான் பெரியவளானேன். சடங்கன்று மாமா தைப்பிங்கிலிருந்து பதின்மூன்று தட்டுகளோடு வந்தார். ஐந்தாவது தட்டில் ஃபோன். பின்பக்கம் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "உங்கம்மா சின்னப் புள்ளையில ரப்பர் தோட்டத்துல என் சைக்கிள எடுத்துக்கிட்டுப் பறப்பா. கங்காணி வீட்டு நாய்கூடப் புடிக்க முடியாது. அவளுக்குச் சடங்கு வச்சாங்க, அன்னைக்கோட சைக்கிள் சரி." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் அத்தை வந்து, "இனி இவளுக்கு எதுக்கு?" என்று சைக்கிளைத் தன் கடைசி மகனுக்குக் கேட்டாள். இந்த முறை அம்மா மறுக்கவில்லை. கொடுப்பதற்கு முன் ஈரத்துணியால் சக்கரத்தையும் மிதிகட்டையையும் நிதானமாகத் துடைத்தாள்.

"நல்லா ஓட்டுனியாடி?" என்று என்னைக் கேட்டாள்.

ஃபோனிலிருந்து தலை நிமிராமல் "ம்" என்றேன். அந்த ஒற்றை "ம்"முக்காக இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"எட்டு மாசம் கெடச்சிச்சுல்லா" என்றாள் அம்மா, துணியைப் பிழிந்தபடி. எதைச் சொல்கிறாள் என்று அன்று எனக்குப் புரியவில்லை. புது ஃபோனில் படம் எடுக்கவேண்டும், கொஞ்சம் சிரி என்றேன். சிரித்தாள்.