செல்லப்பனின் எண்பத்திரண்டு

எங்கள் தாமான் குடியிருப்பில் செல்லப்பனைத் தெரியாத வீடு கிடையாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட வீடும் கிடையாது. கூலாய் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். செனாயில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, ஒரு பெட்டியைக்கூடக் கீழே போடாமல் ஓய்வு பெற்றார். அதோடு நின்றிருந்தால் நானும் நல்ல மனிதர் என்றுதான் சொல்லியிருப்பேன். ஓய்வு பெற்ற மறுமாதமே கோயில் கமிட்டியில் செயலாளர் ஆனார். கைக்கு மைக் வந்தது. வெந்ததைத் தின்று வாயில் வந்ததைப் பேசுவதுதான் அன்றிலிருந்து அவருக்கு முழுநேர வேலை.

பேசுவதற்குப் பொருளாக மகள் லோஷினி இருந்தாள். ஸ்கூடாயில் அறை எடுத்துத் தங்கி, பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவள். பாலிமர் என்ற பிளாஸ்டிக் வகையில் கண்ணுக்கே தெரியாத உருண்டைகள் செய்து, உள்ளே புற்றுநோய் மருந்தை வைத்து, உடம்பில் கட்டி இருக்கும் இடத்துக்கே அனுப்ப முடியுமா என்று பார்க்கிறாள். முடியுமா என்று பார்க்கிறாள், அவ்வளவுதான். அந்த 'முடியுமா'வை அப்பன் விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டார்.

போன வருடம் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் ஆய்வுகளைச் சுவரொட்டியாக மாட்டிக் காட்டினார்கள். செல்லப்பனும் போனார். மகளுடைய சுவரொட்டியில் அவருக்குப் புரிந்தது இரண்டே: கேன்சர் என்ற சொல், கொட்டை எழுத்தில் போட்டிருந்த எண்பத்திரண்டு விழுக்காடு. நிகழ்ச்சி முடிந்ததும் அதைச் சுருட்டிக் கொண்டுவந்து, லேமினேட் செய்து, சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். சந்தனம் குங்குமம் வேறு. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் அந்தப் பெண், "எடுத்துடுங்கப்பா, வெக்கமா இருக்கு" என்று கெஞ்சிப் பார்த்தாள். அப்பா கோப்பிக் கடையில் என்ன பேசுகிறார் என்று அவளுக்குத் தெரியாது.

"எம்மவ மருந்து கண்டுபிடிச்சிட்டா லா. நூத்துக்கு எண்பத்திரண்டு பேரு பொழைப்பாங்க." இதுதான் அவர் பேசியது. அந்த எண் எதைச் சொல்கிறது என்று மகளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டால் பேச்சுக்கு ருசி குறைந்துவிடும் இல்லையா.

வாயிலேயே வடை சுடும் ஆள், சுட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அந்த வடையை என் அக்கா சந்திரமதி தின்றாள்.

அக்காவுக்கு மார்பில் கட்டி. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் முதல் கீமோ ஏற்றினார்கள். சிவப்பாக ஒரு மருந்து. நான்கு நாள் விடாமல் வாந்தி. மூன்றாவது வாரம் முடி சீப்போடு வந்தது. அடுத்த கீமோவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது செல்லப்பன் எங்கள் வீட்டுக்கு வந்து, யாரும் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அந்தச் செவப்பு மருந்து வெசம். ஒடம்பு பூரா ஓடிக் கெடுத்துரும். எம்மவளோடது நேரா கட்டிக்கு மட்டும்தான் போகும். முடி கொட்டாது, வாந்தி வராது. கொஞ்சம் பொறுங்க, மொத மருந்து ஒங்களுக்குத்தான்."

"எப்பண்ணே வரும்?" என்றாள் அக்கா.

"தீபாவளிக்குள்ள வந்துரும்."

அக்கா பயந்த சுபாவம், நம்பினாள். எனக்கு எங்கே போனது புத்தி? தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் பதினோரு வருடம். சோதிக்காத ஒரு ஸ்குருவை வெளியே விடமாட்டேன். இந்த ஆள் சொன்ன எண்பத்திரண்டை மட்டும் சோதிக்காமல் வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்டேன். கீமோவுக்குக் குறித்த இரண்டு தேதிகள் போயின. மருத்துவமனையிலிருந்து போன் வரும், அக்கா எடுக்கமாட்டாள். நானும் எடுக்கச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பொன்னாடை போர்த்தும் விழா. படிக்கிற பிள்ளைகளைப் பாராட்டுகிறோம் என்று சொல்லித்தான் லோஷினியை வரவழைத்திருந்தார்கள். செல்லப்பன் மைக்கைப் பிடித்தார்.

"புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த நம் தாமானின் தங்கமகள்! நம்ம சந்திரமதி தங்கச்சிகூட ஆஸ்பத்திரி போறத நிப்பாட்டிட்டு இந்த மருந்துக்குத்தான் காத்திருக்காங்க."

லோஷினி அக்காவைப் பார்த்தாள். தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அப்பா கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"நான் எந்த மருந்தும் கண்டுபிடிக்கல. நான் செய்யறது வெறும் பை. அதுக்குள்ள போடுறது ஆஸ்பத்திரியில ஏத்துற அதே செவப்பு மருந்துதான். எண்பத்திரண்டுங்கிறது நாங்க போட்ட மருந்துல எவ்வளவு பைக்குள்ள தங்குச்சுங்கிற அளவு. ஆளுங்க பொழைக்கிற கணக்கு இல்ல. இன்னும் ஒரு எலிக்குக்கூட இதக் குடுத்துப் பாக்கல. மனுசங்களுக்கு வர எத்தனை வருசமோ, வராமலே போனாலும் போகலாம். சந்திரமதி ஆன்ட்டி, நாளைக்குக் காலையில ரெடியா இருங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

மண்டபத்தில் ஒருவர் மட்டும் கைதட்டினார். செல்லப்பன்தான். மகள் மைக்கில் பேசி முடித்தால் கைதட்ட வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். என்ன பேசினாள் என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்ன பிறகுதான் கை நின்றது.

மறுநாள் பரிசோதனை செய்த டாக்டர், கட்டி பெரிதாகியிருக்கிறது, கக்கத்துக்கும் பரவியிருக்கிறது என்றார். ஏன் இரண்டு முறை வரவில்லை என்று கேட்டார்.

"பயந்துட்டேன் டாக்டர்" என்றாள் அக்கா. செல்லப்பன் பெயரைச் சொல்லவில்லை. நானாக இருந்தால் அடையாள அட்டை ஐசி நம்பரோடு சொல்லியிருப்பேன். சொன்னால் அடுத்த பெயர் என்னுடையது என்பதும் எனக்குத் தெரியும்.

மறுபடி சிவப்பு மருந்து ஏறிய அன்று வார்டுக்கு செல்லப்பன் வந்தார். கையில் மைலோ பாக்கெட்டுகள். வந்ததும் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம், "எம்மவ சொல்லித்தான் இவங்க டிரீட்மெண்டுக்கே வந்தாங்க" என்று ஆரம்பித்தார். வெட்கம் என்பதை அந்த மனிதர் எந்தக் கடையிலும் வாங்கியதில்லை. வெளியே போங்கள் என்று சொல்ல நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அண்ணே" என்றாள். "அந்த எண்பத்திரண்டு பேர்ல நான் இருக்கேனா?"

கிண்டல் இல்லை. அக்காவுக்குக் கிண்டல் பேசவே வராது. லோஷினி அத்தனை சொல்லியும் அவள் இன்னும் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

செல்லப்பன் என்னைப் பார்த்தார். பிறகு மைலோ பாக்கெட்டில் ஸ்ட்ராவைக் குத்தி அக்கா கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் கட்டில் ஓரத்தில் நின்றார்.