ஏறப்போகாத மலைக்கு ஒரு வண்டி

சின்னச் சரக்கு வண்டி விற்பவனிடம் உலகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கேஸா, டீசலா?" அதற்குச் சரியான பதில், "எதை இழுக்கப் போறீங்க?" என்பது. ஆனால் கேட்ட கேள்விக்கு இன்னொரு கேள்வியைத் திருப்பிக் கொடுக்கும் விற்பனையாளனை யாருக்கும் பிடிப்பதில்லை. புடவைக் கடையிலோ செல்போன் கடையிலோ கவுன்டருக்கு உள்பக்கம் நின்றவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலை

கடலூரில் எங்கள் ஷோரூமுக்குப் பெண்ணாடத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி வந்தார். விதைக்கரும்பும் பம்புசெட்டும் ஏற்றிய குட்டி ட்ரைலரை வயலுக்கு வயல் இழுத்துப் போக அவருக்கு ஒரு பிக்கப் வேண்டும். அவருடைய முதல் கேள்வி, "மலை ஏறுமா?"

பெண்ணாடம் பக்கம் தரை தோசைக்கல் மாதிரி இருக்கும். கடலூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கேப்பர் மலையைக்கூட, புவியியல் படித்தவர்கள் ஒரு மரியாதைக்காகத்தான் மலை என்பார்கள். எந்த மலை என்று விசாரித்தேன். அவர் டீசல் வண்டியை ஒரு சுற்று சுற்றினார், டயரைக் காலால் எத்திப் பார்த்தார், யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார். வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "ஏறப் போறதில்ல சார். ஆனா ஏறும்னு தெரிஞ்சா ஒரு தெம்பு, அவ்ளோதான்."

கணவனும் மனைவியும்

கிள்ளையிலிருந்து ஜாகிர் பாயும் அவர் மனைவி நசீமாவும் வந்தது அதற்கு மறுநாள். துபாயில் பெரிய ட்ரைலர் ஓட்டுகிறவர் ஜாகிர். லீவு முடியப்போகிறது, திரும்பிப் போக டிக்கெட் கையில் இருக்கிறது. ஆனால் ஒரு யோசனை. நசீமாவின் தம்பி சலீம் கடலூர் துறைமுகம் பக்கம் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கிறான். கிள்ளையில் அடிப்பக்கம் விரிசல் விட்ட படகுகளை ட்ரைலரில் வைத்து சலீமின் பட்டறைக்குக் கொண்டுபோய், சரிசெய்து திரும்பக் கொண்டுவந்து விட்டால் ஊரிலேயே பிழைக்கலாம். ட்ரைலர் தயார். இழுக்க வண்டிதான் வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் அவர் விமானம் ஏறிவிடுவார்.

ஜாகிர், டீசல் என்றார். நசீமா, செலவு ஜாஸ்தி, கேஸ் என்றார். எனக்குப் பிடித்த கட்டம் வந்துவிட்டது. முறுக்குவிசை என்றால் என்ன, டீசல் எஞ்சின் எடுத்த எடுப்பிலேயே ஏன் பலமாக இழுக்கிறது, கேஸ் எஞ்சினுக்கு ஏன் கொஞ்சம் வேகம் பிடிக்க வேண்டியிருக்கிறது, கேஸ் பம்பில் ஏன் வரிசை என்று வரைபடம் போட்டு விளக்கினேன். ஜாகிர் தலையாட்டிக்கொண்டிருந்தார். நசீமா வரைபடத்தை என் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"சார், வண்டியப் பத்தி ரொம்பச் சொல்லிட்டீங்க. இவுங்க இங்கயே இருந்து பொழைக்க எது தோதுன்னு மட்டும் சொல்லுங்க."

மேனேஜர்

நான் வரைபடத்தை மறுபடி நசீமா பக்கம் நகர்த்தியதை எங்கள் மேனேஜர் கண்ணாடிக் கதவு வழியாகவே பார்த்துவிட்டார். பின்பக்கம் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருந்த டீசல் வண்டியைத் தள்ளிவிட நல்ல சந்தர்ப்பம் என்பது அவர் கணக்கு. நானோ, எஞ்சின்களின் வரலாறு தெரியாமல் ஒருவர் வண்டி வாங்குவது சரியல்ல என்கிற கட்சி. அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"நீங்க சொல்றதக் கேட்டா பரீட்சை எழுதலாம் சார், வண்டி வாங்க முடியாது. ரெண்டையும் கிள்ளைக்கு ஓட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

இறங்குதுறை

கொக்கி பூட்டிய டெமோ வண்டிகள் இரண்டும் கிள்ளைக்குப் போயின. கரையில் ஒரு வெற்றுப் படகு, எஞ்சினும் வலையும் இறக்கிய நிலையில் காத்திருந்தது. சலீமும் வந்திருந்தான். கூடவே பாதி ஊரும். கேஸ் வண்டியைக் கிளப்பினோம். "ஸ்டார்ட் பண்ணுங்கய்யா" என்றார் ஒரு மீனவர். பண்ணியாச்சு என்றேன். அவர் பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தவரை அனுதாபத்தோடு பார்த்தார். சத்தம் போடாத எஞ்சினுக்கு அந்தக் கரையில் மரியாதை இல்லை.

டீசலுக்குக் கைதட்டல் கிடைத்தது. ட்ரைலரை மாட்டி, ஈரச் சரிவில் இறக்கி, படகை ஏற்றி, ஜாகிர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வண்டி உறுமியது. பின்சக்கரங்கள் சேற்றைத் தோண்டித் தோண்டி அச்சு வரை இறங்கின. படகு ஒரு சாண் நகரவில்லை. பிறகு கேஸ் வண்டி. அதுவும் இறங்கியது, என்ன, சத்தமில்லாமல் இறங்கியது. ஜாகிர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் விமான நிலையம் தெரிந்தது.

அப்போது ஊர் டிராக்டர் வந்தது. இரண்டு வண்டிகளையும் வெளியே இழுத்துப் போட்டது. அதோடு நிற்காமல் ட்ரைலரையும் படகையும் தார்ரோடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, இது தினசரி வேலைதானே என்பதுபோல் திரும்பிப் போனது. தினசரி வேலையேதான். அந்தக் கரையில் தண்ணீரிலிருந்து ரோடு வரை படகை இழுப்பது அந்த டிராக்டரின் பாத்தியதை. வேறு யாரும் அதில் கைவைப்பதில்லை. முறுக்குவிசை வரை பேசிய நான், படகு ரோட்டுக்கு எப்படி வரும் என்று கேட்கவே இல்லை. ஜாகிர் மச்சினன் மேல் பாய்ந்தார்: "தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?"

சலீம் சிரித்தான். "கேஸா டீசலான்னுதான மச்சான் கேட்ட? சேத்துல எறக்கப் போறேன்னு எங்க சொன்ன? துபாய்க்காரரு, எதோ புது டெக்னிக்குன்னுல்ல நெனச்சேன்!"

மேம்பாலம்

ஆக, வண்டிக்கு வேலை தார்ரோட்டில் மட்டும்தான். ரோடோ கடலூர் வரை சமதளம். வழியில் உள்ள ஒரே ஏற்றம் சிதம்பரம் ரயில்வே மேம்பாலம். நசீமா கேஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "படகோடயே போய்ப் பாத்துருவோம்." ஜாகிர் ஓட்ட, நான் ஓரத்தில். சலீம் பைக்கில் பின்னால், ட்ரைலரின் மேல் ஒரு கண்ணோடு.

மேம்பாலத்தில் பாதி ஏறியிருப்போம். முன்னால் போன கரும்பு டிராக்டர் நின்றுவிட்டது. நாங்களும் நின்றோம். பின்னால் ஒரு டவுன் பஸ், முட்டுகிற தூரத்தில். டிராக்டர் மறுபடி நகர்ந்தது. ஜாகிர் கிளட்சை விட்டார். எஞ்சின் அணைந்தது. "இதுவே டீசலா இருந்தா" என்று வாயைத் திறந்தேன். நசீமா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏம்பா, படகுல போறதுன்னா ஆத்துல போக வேண்டியதுதான?"

ஜாகிர் மறுபடி கிளப்பினார். ஹேண்ட்பிரேக்கை விடாமல், இந்தமுறை எஞ்சினை நன்றாக வேகம் பிடிக்கவைத்து, கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டு, வண்டி முன்னால் துடித்த அந்த நொடியில் ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். வண்டி நகர்ந்தது. மிக மெதுவாக, கல்யாண ஊர்வலத்தில் போவதுபோல, படகையும் எங்களையும் இழுத்துக்கொண்டு உச்சிக்கு ஏறியது. ஜாகிர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஏறுது. ஆனா ரொம்ப மெதுவா ஏறுது" என்றார்.

"மெதுவாத்தான் ஏறட்டுமே," என்றார் நசீமா. "நாம என்ன ஃப்ளைட்டா புடிக்கப் போறோம்?"

கடலூரில் சலீமின் பட்டறை வாசலில் ஜாகிர் வண்டியை நிறுத்தினார். இறங்கியதும் ஃபோனை எடுத்து டிக்கெட்டை ரத்து செய்தார்.

எலுமிச்சம்பழம்

தினமும் மேடு ஏறி இழுக்கிறவருக்கு டீசல்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஜாகிருக்குக் கேஸ் வண்டி டெலிவரி கொடுத்த அன்று, மழையில் நின்ற டீசலும் போனது. பெண்ணாடத்துக்காரர் வந்து, "ஏறும்ல?" என்று ஒரே ஒருதரம் கேட்டார். ஏறும் என்றேன். வாங்கிவிட்டார்.

ஷோரூம் வழக்கப்படி நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் வைத்தோம். ஜாகிர் ஏற்கனவே துஆ ஓதி முடித்திருந்தார். பழத்துக்கு அவர் ஆட்சேபம் சொல்லவில்லை, அக்கறையும் காட்டவில்லை. அக்கறை எல்லாம், கூட வந்திருந்த கிள்ளை மீனவர்களுக்குத்தான்; ட்ரைலருக்குப் பழம் எங்கே என்றார்கள். சட்டப்படி ட்ரைலர் தனி வண்டி, அதற்குத் தனிப் பதிவு என்று நான் தொடங்கினேன். அவர்களில், புது வண்டியில் முதலில் தன் படகை அனுப்பப்போகிறவர் அதற்குள் மடியிலிருந்து இன்னும் இரண்டு பழத்தை எடுத்துவிட்டார்.

"அதுக்கும் வைங்க சார். நீங்க விக்கிறது முன்னாடி இருக்கற வண்டி, எங்க பொழப்பு ஒக்காந்து போறது பின்னாடி."

கேஸா டீசலா என்று நாளைக்கு நீங்கள் வந்தாலும் எதை இழுக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன், ஆனால் இப்போதெல்லாம் அந்தக் கேள்வியை, உங்களோடு கூட வந்திருப்பவரைப் பார்த்துக் கேட்கிறேன்.