இரண்டு பிரேக் வண்டியில் எக்ஸ்பிரஸ்

என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். வைத்தவர்கள் அவளிடம் வேலை பார்ப்பவர்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு "எக்ஸ்பிரஸ் அக்கா" என்று முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். பரிசோதனைக்கூட மேற்பார்வையாளர் என்று கதவில் ஒரு பலகை தொங்குகிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவன். "மெதுவா, மெதுவா" என்று சொல்வதே என் பிழைப்பு. நாள் முழுக்க அதைச் சொல்லி அலுத்து வீட்டுக்கு வந்தால், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஒருத்தி ஓடிக்கொண்டிருப்பாள். பல் தேய்த்துக்கொண்டே துணி மடிப்பாள். நான் ஏதாவது கதையை ஆரம்பித்தால், "முடிவை முதல்ல சொல்லுங்க" என்பாள். எங்களைச் சேர்த்துவைத்தவர்கள் என்ன நினைத்துச் சேர்த்தார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவள் அந்த லேபில் சேர்ந்த காலத்தில், இன்று எடுத்த ரத்தத்துக்கு நாளை பதில் வந்தால் அது சீக்கிரம். டியூபின் மேல் பேனாவால் நம்பர் எழுதுவார்கள். ஈரக் கை பட்டால் நம்பர் அழிந்துபோகும். நோயாளியைத் திரும்பப் போய்க் குத்த வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் படிக்கிற கோடு போட்ட ஸ்டிக்கர் வந்தது. அப்புறம் டியூபைத் தானே தூக்கி, தானே சுழற்றி, தானே மூடி திறந்து, தானே சோதித்துப் பார்க்கிற நீளமான இயந்திரம் ஒன்று வந்தது. நானும் ஒருமுறை பார்த்தேன். பொம்மை ரயில் பாதை மாதிரி ஒன்றில் டியூப்கள் வரிசையாகப் போகின்றன. ஒன்றுகூட ஓவர்டேக் செய்வதில்லை. என்னிடம் படிக்கிறவர்களைக் கூட்டிப் போய்க் காட்டலாமா என்று தோன்றியது.

அவ்வளவு பெரிய இயந்திரம் வந்தும் அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து புகார் நின்றபாடில்லை. ரிப்போர்ட் லேட், ரிப்போர்ட் லேட் என்று ஒரே பாட்டு. லேப் கம்ப்யூட்டரைக் கேட்டால், எல்லாம் உடனுக்குடன் போய்விட்டது என்றது. இரண்டு பக்கமும் மாறி மாறிப் பழி போட்டுக்கொண்டார்கள். என் மனைவி அந்த வார்டில் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததே அங்கே பெரிய செய்தி.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் விஷயம் பிடிபட்டுவிட்டது. நர்ஸ் மேஜையில் நூறு ஓட்டை உள்ள டியூப் ஸ்டாண்டு ஒன்று இருந்தது. எடுத்த ரத்தத்தை அதில் செருகிவிட்டு, 'ஓரளவு நிறையட்டும், மொத்தமாகக் கொடுத்தனுப்பலாம்' என்று விட்டுவிடுவார்கள். அவர்களையும் சொல்லிக் குற்றமில்லை. ஒவ்வொரு டியூபுக்கும் மாடி இறங்கி ஓடினால் கால் என்னத்துக்கு ஆகும்? லேபின் கடிகாரமோ, டியூப் லேப் வாசலைத் தாண்டிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அதுவரை அது ஸ்டாண்டில் நின்றதெல்லாம் யார் கணக்கிலும் வராது.

அவள் சண்டை போடவில்லை. பெரிய ஸ்டாண்டுகளை அள்ளிக்கொண்டு, ஐந்தே ஓட்டை உள்ள குட்டி ஸ்டாண்டுகளை வைத்துவிட்டு வந்தாள். அது சட்டென்று நிறைந்தது. நிறைந்ததைப் பார்த்தால் கை தானாக எடுத்து அனுப்பிவிடும். கடிகாரத்தையும் ஊசி குத்துகிற நேரத்திலிருந்தே ஓட வைத்தாள். புகார் அடங்கிப்போனது. அவ்வளவு பெரிய இயந்திரத்தால் ஆகாதது ஐந்து ஓட்டையால் ஆயிற்று என்று வீட்டில் அவள் பீற்றிக்கொண்டதை நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போதாததற்கு, டாக்டர் ரிப்போர்ட்டில் கையெழுத்திட்ட கணமே அது நோயாளியின் போனுக்குப் போய்விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, அதையும் சாதித்தாள். "ஒரு காகிதத்துக்காக ஜனங்க எதுக்குங்க கவுண்ட்டர்ல கால் கடுக்க நிக்கணும்?" என்றாள். நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

ஒதுக்கிய ஸ்டாண்டுகளில், உறைகூடப் பிரிக்காத புதுசு ஒன்று எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது. எங்கள் மகள் எந்நேரமும் படம் வரைகிறவள். அவளுடைய கலர் பென்சில்கள் அதில் குடியேறின.

கார் கற்றுத்தருகிறவனுக்கு ரோட்டைவிடப் பக்கத்து ஸீட்டுக் கழுத்துதான் முக்கியம். "கண்ணாடி பாத்தேன் சார்" என்று எல்லோரும் சொல்வார்கள். கழுத்து திரும்பியதா என்று கவனித்தால்தான் குட்டு வெளிப்படும். சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை அவளிடம் கொடுத்துவிட்டு நான் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வேன். பயிற்சி வண்டி, என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவள் ஓட்டும்போது என் கால் அதைவிட்டு நகராது. அப்படி ஒருநாள் அவள் கண்ணாடிக்காகத் திரும்பியபோது, தொண்டைக்கு ஓரமாகக் கோலிக்குண்டு அளவில் ஒரு புடைப்பு தெரிந்தது.

"என்ன அது, கழுத்துல?"

"அதுவா? தைராய்டுல ஏதோ சின்னக் கட்டி. பாத்துக்கலாம்."

"உனக்குத் தெரியுமா? எவ்வளவு நாளா?"

"கையை எடுங்க, வண்டி ஓட்டறேன்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரார் ரத்தமெல்லாம் ஓட்டமாக ஓட வேண்டும். இவள் கட்டி மட்டும் ஆடி அசைந்து போகலாமாம்! கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்கு சொன்னாள். எல்லாம் நல்ல சாக்கு, அதுதான் கொடுமை. பயப்படுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அதை அவளிடம் சொன்னால் வீடு இரண்டாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்ததும் ஸ்டாண்டிலிருந்த பென்சில்களை எல்லாம் உருவி மேஜையில் கொட்டினேன்.

"அப்பா, என் பென்சில்!" என்றாள் மகள்.

"இரு, தரேன்." மனைவி பக்கம் திரும்பினேன். "எப்ப டெஸ்ட் எடுக்கப் போறே?"

"புது மெஷின் வருதுங்க. அது செட் ஆகட்டும்."

ஒரு பென்சிலை எடுத்து ஓட்டையில் செருகினேன். "இது புது மெஷின். அப்புறம்?"

"இவ பரீட்சை இருக்கு."

இன்னொன்று. "அப்புறம்?"

"லேபை ஆய்வு பண்ண ஆளுங்க வராங்க. அப்ப நான் லீவு போட முடியுமா?"

மூன்றாவதையும் செருகினேன். "இன்னும் நிறைய ஓட்டை இருக்கு. நிறையட்டும், மொத்தமா அனுப்பலாம்."

அவள் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் எழுந்து போய் அவள் தோளைக் கட்டிக்கொண்டு, "என் பரீட்சையை அதுல வைக்காதம்மா" என்றாள். அந்தப் பென்சிலைப் பிடுங்கியும் போட்டாள்.

மறுநாளே போனோம். கட்டியில் மெல்லிய ஊசி விட்டு, கொஞ்சம் செல்லை எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் தடவினார்கள். நோய்க்குறியியல் துறையின் பெரிய டாக்டரம்மா பார்த்துச் சொல்ல வேண்டும். "நாளைக்குத்தான் வரும்" என்று என் மனைவி அடித்துச் சொன்னாள். அன்றும் ஒரு வேலை விடாமல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் வழக்கம்போல் வண்டியைக் கிளப்பினாள்.

ஆஸ்பத்திரியைத் தாண்டியதும் ஒரு சிக்னல். சிவப்பு. அவள் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள்.

ஸ்லைடைப் படமாக்கித் திரைக்கு அனுப்பும் வசதி வந்திருந்ததால் டாக்டரம்மா அன்றே பார்த்துவிட்டார். கையெழுத்தும் போட்டுவிட்டு, நேரில் சொல்லலாம் என்று படியிறங்கி லேபுக்கு வந்திருக்கிறார். அவர் படியிறங்குவதற்குள் சேதி எங்களை எட்டிவிட்டது. அவளே அடம்பிடித்துக் கொண்டுவந்த ஏற்பாடு, ஒரு நொடி பிசகாமல் வேலை செய்தது.

சிக்னல் பச்சையானது. அவள் கை ஸ்டீயரிங்கில்தான் இருந்தது. கண் எதையும் பார்க்கவில்லை. வண்டி மெல்ல முன்னால் உருண்டது. நான் என் பக்கத்துப் பிரேக்கை அழுத்தினேன். பின்னால் ஹாரன்கள் அலறின. எல் போர்டைப் பார்த்துவிட்டு, ஓட்டத் தெரியாதவர்கள் என்று திட்டிக்கொண்டே போனார்கள்.

"கான்சர்ங்க" என்றாள். போனை மடியில் கவிழ்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்திருக்கலாம்" என்றாள்.

அவள் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அழுதேன். வெட்கமே படாமல், நடுரோட்டில், எல் போர்டு வண்டியில் உட்கார்ந்து அழுதேன். அதற்குள் டாக்டரம்மாவே போனில் கூப்பிட்டுவிட்டார். மெதுவாக வளரும் வகை, கழுத்தைத் தாண்டியதாகத் தெரியவில்லை, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். இதே வார்த்தைகள் முதலில் வந்திருந்தால் என்று நான் நினைத்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எக்ஸ்பிரஸுக்கு வந்தது பாசஞ்சர் வண்டி" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. தினமும் ஒரு மாத்திரை. மற்றபடி வீட்டில் பழைய ஓட்டம்தான்.

வேலைக்குத் திரும்பியதும் கம்ப்யூட்டர் ஆளைக் கூப்பிட்டு, கான்சர் என்று வருகிற ரிப்போர்ட் எதுவும் நேராகப் போனுக்குப் போகக்கூடாது என்றாள். டாக்டர் நோயாளியிடம் பேசிவிட்டு, 'பேசியாச்சு' என்ற பட்டனை அழுத்திய பிறகுதான் போக வேண்டும். "தாமதமாகுமே அக்கா, நீங்களா சொல்றீங்க?" என்று அவன் வாயைப் பிளந்திருக்கிறான். தாமதமாக விட்டால்தானே! ரிப்போர்ட் தயாரானதும் இவளே டாக்டர்களைத் துரத்துகிறாள். "பேசிட்டீங்களா? எப்பப் பேசுவீங்க? போன் இந்தாங்க." இவள் தலையைக் கண்டால் சிலர் வேறு படிக்கட்டில் இறங்குகிறார்களாம்.

இதை அவள் சொன்னது அதே சிக்னலில் நின்றபோது. நான் சும்மா இருக்கக்கூடாதா? "உனக்கு நேராத்தானே வந்துச்சு, நீ சமாளிக்கலையா?" என்றேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். அது பிரேக்கின் மேல் இருந்தது.

"பக்கத்துல நீங்க இருந்தீங்க" என்றாள். "எல்லாருக்கும் ரெண்டு பிரேக் வண்டி கிடைக்குமாங்க?"

பச்சை விழுந்தது. பின்னால் வந்தவன் ஹாரனில் கைவைப்பதற்குள் அவள் சீறிக் கிளம்பினாள். "மெதுவா" என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். காலை மட்டும் எடுக்கவில்லை.