கிட்யோ மெலிந்த கதை

மசாக்காவில், நியெண்டோ சந்தைக்குப் பின்னால், மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்தில் போய், "கிட்யோ எங்கே?" என்று கேட்டால் எல்லாரும் கை காட்டுவார்கள். முப்பத்தாறு வயது. சக்கரக் கம்பி ஒவ்வொன்றையும் பல் விளக்குவதுபோல் விளக்குவான். அதனால் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அவனுக்காகவே காத்துக் கிடப்பார்கள்.

இருபத்திரண்டாவது வயதில், ஆசிரியர் பயிற்சியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஆளில்லாத அறையில் யாரோ அவனைத் திட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு மனச்சிதைவு என்று பெயர் சொல்ல மூன்று வருடம் ஆயிற்று. அதற்குள் அவன் கந்தலோடு எலும்பும் தோலுமாக கம்பாலா சாலையில் திரிந்ததை ஊரே பார்த்துவிட்டது. பார்த்தது மட்டுமா, வாய் வலிக்கப் பேசியும் தீர்த்தது.

மாதம் ஒரு ஊசி அந்தக் குரல்களை அடக்கியது. அடக்கிய கையோடு ஒரு பசியையும் கிளப்பிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அவனுக்கு மறுபடி பசிக்கும். அம்மா யூனியாவுக்கு அதில் பரம சந்தோஷம். தட்டு நிறைய வாழைக்காய் மசியல், அதன்மேல் வேர்க்கடலைக் குழம்பு, டீயில் நாலு கரண்டி சர்க்கரை, ஞாயிறு பூசை முடிந்தால் சோடா. பிள்ளை நூற்று நாலு கிலோவுக்கு வந்துவிட்டான். "கொழுத்துட்டியேப்பா, நல்லா இருக்கியே!" என்று தெருவே வாழ்த்தியது. கந்தலைப் பார்த்துச் சிரித்த வாய்களுக்கெல்லாம் மகனின் தொப்பையே பதில் என்று யூனியா நினைத்தாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேரும் ஒரே வருடத்தில், பாயோடு பாயாகக் கரைந்து செத்தவர்கள். எய்ட்ஸுக்கு அப்போது இந்தப் பக்கத்தில் மெலிச்சல் என்றுதான் பெயர். அதை வீட்டில் பார்த்தவளுக்கு ஒருவன் மெலிகிறான் என்றால் குழி தோண்டப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

தங்கை டெசிராண்டாவுக்கு டிசம்பரில் பெண் அறிமுகச் சடங்கு என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் சேவலைப் பெண்ணின் அண்ணன் எழுந்து வாங்கினால்தான் சம்பந்தம் செல்லும். வாங்குவதற்கு முன் அவன் இரண்டு குலத்தார் நடுவில் தன் வம்சத்தை ஏழு தலைமுறை சொல்ல வேண்டும். பத்து வயதில் கிட்யோ அதை மூச்சு விடாமல் ஒப்பித்தவன். ஜூலையில், குடும்பம் கூடிய அன்று சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். தன் பெயர், செத்துப்போன அப்பா முக்வான்யா, தாத்தா கலிபாலா. அதோடு நின்றுவிட்டான். வெறும் வாய்தான் அசைந்தது.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். கழுவின வண்டியையே மறுபடி கழுவினான், சாவியைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான்.

"பழசு திரும்பிடுச்சு," என்றார் குடும்பத்துக்கு மூத்தவரான பெரியப்பா முகலுலா. "சபையில மானம் போயிரும். சேவல செமாம்போ வாங்கட்டும்." செமாம்போ அவருடைய மகன். கல்யாணத்துக்கு வந்தால் மாப்பிள்ளையைவிட அதிகமாகத் தன்னைப் படம் எடுத்துக்கொள்கிற ஆள்.

அன்று சாயங்காலம் கிட்யோ வண்டி கழுவப் போகவில்லை. கூடப்பிறந்தவளுக்கு அண்ணனாக நிற்கக்கூடத் தகுதியில்லை என்றால், மிச்சம் எதற்கு?

ஊசி நாளில் அம்மாவும் கூடப் போனாள். சுகாதார நிலையத்தில் புது நர்ஸ், சொரோட்டிப் பக்கத்துக்காரி, அமுகே என்று பெயர். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் அவன் இடுப்பை அளந்தாள், விரலில் குத்தி ரத்தம் பார்த்தாள்.

"இத்தன வருஷமா ஒருத்தரும் இத பாக்கலையா?" என்றாள். "இந்த மெஷின் கணக்குல சர்க்கர பதினேழு இருக்கு. அதுல பாதிகூட இருக்கக் கூடாது. குரல் ஏதாவது கேக்குதா?"

"இல்ல சிஸ்டர். பேருங்கதான் வர மாட்டேங்குது."

"சர்க்கர இப்படி ஏறிக் கெடந்தா யாருக்கும் மூள மந்தமாயிரும். ஊசி பசியக் கிளப்புது, பசி உங்கள இங்க கொண்டுவந்து விட்டிருக்கு. ஊசிய மட்டும் நிறுத்திராதீங்க. வேற மருந்து மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட நான் கேக்கறேன். மாத்திர போடுங்க, நடங்க, டீயில சர்க்கர வேணாம்."

"அப்ப எல்லாம் ஞாபகம் வந்துருமா?"

அவள் பொய் சொல்லவில்லை. "இந்த நோயே கொஞ்சம் ஞாபகத்தத் தின்னும். தின்னது திரும்பி வருமான்னு எனக்குத் தெரியாது. மிச்சம் இருக்கிறதயும் சர்க்கரைக்குக் குடுக்க வேணாம்னு சொல்றேன்."

யூனியா வீடு வரும் வரை பொருமினாள். "எம் புள்ளையப் பட்டினி போடச் சொல்றா! சர்க்கரை இல்லாத டீய யாராச்சும் பாத்தா இந்த வீட்ல ஒண்ணுமில்லன்னு நெனைக்க மாட்டாங்க?"

"யாரும் பாக்காதப்ப குடிக்கறேன்மா," என்றான் கிட்யோ.

மறுநாளிலிருந்து காலையில் நடந்தான். ஊர் வண்டியையெல்லாம் கழுவுகிறவன் நடந்து போவதைப் பார்த்து ஓட்டுநர்கள் சும்மா இருப்பார்களா? "என்ன அண்ணே, எங்க பொழப்புல மண்ணப் போடறியா? ஏறு, சும்மா கொண்டுபோய் விடறேன்!" அவனும் சிரிப்பான். "நீ முன்னால போ, நான் வந்து உன் வண்டியத் தள்ளிவிடறேன்." நடையை மட்டும் விடவில்லை. அம்மா கண்ணெதிரிலேயே தட்டில் பாதியை ஒதுக்கினான். அவளுக்கு அது வயிற்றில் அடித்தமாதிரி இருந்தது.

அக்டோபரில் சட்டை தொளதொளத்தது. இப்போது தெரு வேறு பாட்டுப் பாடியது. "மெலிஞ்சுட்டானே, உள்ள என்னமோ இருக்கு" என்று பக்கத்து வீட்டு மங்தலீனா சந்தையில் கையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள். மூடின கையையும் மீறி நாலு கடைக்குக் கேட்டது. "முன்னால புத்தி சரியில்ல, இப்ப உடம்பும் போச்சு," என்றார் முகலுலா.

யூனியாவுக்குத் தூக்கம் போயிற்று. இவன் காலையில் எங்கேதான் போகிறான்? ஒருநாள் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். கிட்யோ மாவு மில் முன்னால் நின்றான். "நான் கிட்யோ, முக்வான்யாவின் மகன்," என்றான் சத்தமாக. மசூதிக்கு எதிரில் நின்று கலிபாலா என்றான். பலாமரத்தடியில் இன்னொரு பெயர். ஓடைப் பாலத்துக்கு வந்ததும் தடுமாறினான், தலையைச் சொறிந்தான், திரும்பி மாவு மில்லுக்கே போனான். மறுபடி முதலிலிருந்து வந்தான். மூன்றாவது தடவை பாலத்தில் "கிபிரிகே!" என்று கத்தினான். மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று மிரண்டு ஓடியது. பள்ளிக்கூட வாசலில் ஏழாவது பெயர் முடிந்தபோது அவன் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

யூனியா சாலையோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் உடம்பைத்தான் இத்தனை நாளும் பார்த்தாள். உள்ளே அவன் எதற்காக முட்டி மோதுகிறான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை டப்பாவை அலமாரி உச்சியில் தூக்கி வைத்தாள்.

சடங்கு நாள் வந்தது. வாசலில் இரண்டு பந்தல். மாப்பிள்ளை வீட்டார் கூடை கூடையாக வந்து இறங்கினார்கள். பழம், இறைச்சி, சர்க்கரை மூட்டை, சோடாப் பெட்டிகள், கடைசியில் ஓலைக்கூண்டில் சேவல். "அண்ணன் எங்கே? எழுந்து வரட்டும்," என்று பெண் வீட்டுப் பேச்சாளர் கூப்பிட்டார்.

முகலுலா தலையை அசைக்க, நீள அங்கியில் தயாராக இருந்த செமாம்போ எழுந்தான். பெண்கள் வரிசையில் மண்டியிட்டிருந்த யூனியா அப்படியே நிமிர்ந்தாள்.

"மன்னிக்கணும் பெரியவரே. அண்ணன கூப்பிட்டாங்க. அண்ணன் இங்க இருக்கான். எழுந்திருடா கிட்யோ."

பந்தல் சலசலத்தது. எல்லார் முன்னாலும் ஒரு தாயோடு மல்லுக்கு நிற்க முகலுலாவால் முடியவில்லை. செமாம்போ உட்கார்ந்தான். கிட்யோ நடுவில் போய் நின்றான்.

"நான் கிட்யோ. முக்வான்யாவின் மகன். கலிபாலாவின் பேரன். வெட்டுக்கிளிக் குலம்." பலாமரத்தடியில் சொல்லும் மூன்றாவது மூதாதையும் வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவன் கைகள் அங்கியைப் பிசைந்தன. முகலுலா கண்ணை மூடிக்கொண்டார். சேவல் ஒருமுறை கொக்கரித்தது, யாரும் சிரிக்கவில்லை.

புருஷன் வீட்டு வம்சப் பெயரை வேறு குலத்துப் பெண் சபையில் எடுத்துக் கொடுக்க முடியாது. யூனியா தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்.

"பாலம் வந்துருச்சுப்பா."

கிட்யோ கண்ணை மூடினான். "கிபிரிகே," என்றான். பிறகு அவசரப்படாமல், பள்ளிக்கூட வாசல் வரை ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போனான். குலவைச் சத்தத்தில் பந்தல் அதிர்ந்தது. சேவல் அவன் கைக்கு வந்தது. முக்காட்டுக்குள் டெசிராண்டா விம்மினாள்.

சாப்பாட்டின்போது மங்தலீனா ஒரு சோடாவைத் திறந்து அவன் கையில் திணித்தாள். "குடிப்பா, இப்படி மெலிஞ்சு கெடக்கியே."

யூனியா அந்தப் பாட்டிலை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"ஆமாடி, மெலிஞ்சுட்டான்," என்றாள், பந்தல் முழுக்கக் கேட்கும்படி. "எங்க வீட்ல மெலிஞ்ச ஆம்பளைங்கள்ல இவன் ஒருத்தன்தான் உசுரோட இருக்கான். தண்ணி குடு."